'தி கிவர்' நாவலில் வரும் அப்பா: பதின்பருவப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை எப்படிக் கொடுப்பது?

மழைக்காகம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதையின் முடிவு வரை எல்லாவற்றையும் பேசப்போகிறேன். படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள். சின்னப் புத்தகம்தான், மொத்தம் 23 அத்தியாயங்கள்.

லோயிஸ் லௌரி 1993-இல் எழுதிய 'தி கிவர்' இது. அடுத்த ஆண்டு, சிறார் இலக்கியத்துக்கான அமெரிக்க விருதான நியூபெரி பதக்கம் வாங்கியது. பதின்பருவத்தினருக்கான டிஸ்டோபியா நாவல்கள், அதாவது கொடுமையான கற்பனைச் சமூகங்களைக் காட்டும் கதைகள், அலையாக வந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான். அந்த அலையில் வந்த கதைகளில் பெரும்பாலும் ஒரு கொடுங்கோலன் இருப்பான், அவனுக்குக் கீழே படை இருக்கும், அவனை எதிர்த்து அம்போ துப்பாக்கியோ ஏந்திய ஒரு பெண்ணோ பையனோ இருப்பார்கள். 'தி கிவர்' நாவலில் கொடியவன் என்று விரல் நீட்ட ஒருவர்கூட இல்லை. எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். தப்புச் செய்தால் உடனே மன்னிப்புக் கேட்கிறார்கள், உடனே மன்னிக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பமாக உட்கார்ந்து அன்றைய உணர்வுகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள். பசி, போர், வலி எதுவும் இல்லை.

இந்த ஊரில் என்னை மிகவும் பயமுறுத்தியவர் கதாநாயகன் ஜோனாஸின் அப்பாதான். பிறந்த குழந்தைகளைப் பராமரிப்பது அவருக்கு ஒதுக்கப்பட்ட வேலை. மென்மையான மனிதர். எடை ஏறாமல், இரவில் தூங்காமல் அழும் கேப்ரியல் என்ற குழந்தைக்காகப் பரிந்து பேசி, கூடுதலாக ஓராண்டு அவகாசம் வாங்குகிறார், வீட்டுக்கே தூக்கி வந்து பார்த்துக்கொள்கிறார். பெயர் சூட்டும் முன் குழந்தையின் பெயரைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்ற விதியைக்கூட அவனுக்காக மீறுகிறார். அதே மனிதர்தான் 19-ஆம் அத்தியாயத்தில், இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்த ஒன்றின் நெற்றி நரம்பில் ஊசி போட்டுக் கொல்கிறார். கொஞ்சும் குரலில் பேசிக்கொண்டே போடுகிறார். அட்டைப்பெட்டியில் வைத்துக் குழாய்க்குள் தள்ளிவிட்டு, 'டாட்டா' சொல்கிறார்.

12, 13 வயதுப் பிள்ளைகளோடு இதைச் சேர்ந்து படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தக் காட்சியை முன்கூட்டி எச்சரிக்காமல், விளக்கமும் சொல்லாமல், அப்படியே படிக்க விட வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் கருத்து என்ன?

இரண்டு_பிள்ளைகளின்_அம்மா

எனக்கு இதில் தயக்கம் இருக்கிறது. என் மூத்தவளுக்கு இப்போது 12. கதையில் நடக்கும் கொலைகள் அவளுக்குப் புதிதில்லை, நிறைய படித்திருக்கிறாள். ஆனால் அங்கெல்லாம் கொல்பவன் எதிரி. இங்கே கொல்பவர் அப்பா. அதுவும் எப்படிப்பட்ட அப்பா? மகளைச் செல்லப் பெயர் வைத்துக் கூப்பிடுகிற, குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சுகிற அப்பா. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு என் பெண் அவள் அப்பாவைப் பார்க்கும் பார்வையில் ஏதாவது மாறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எச்சரிக்காமல் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வதன் காரணம் புரியவில்லை. கொஞ்சம் விளக்க முடியுமா?

மழைக்காகம்

நியாயமான பயம்தான். அமெரிக்கப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் இந்த நாவலை எடுத்துவிடச் சொல்லிப் புகார் கொடுத்த பெற்றோர் ஏராளம். 1990-களில் அதிகம் எதிர்ப்புக்கு உள்ளான புத்தகங்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் தொகுத்த பட்டியலில் இதுவும் உண்டு.

என் காரணம் இதுதான். ஜோனாஸ் கேள்விப்படாத எதையும் நாவல் நமக்குச் சொல்வதில்லை. 'விடுவிப்பு' என்ற சொல் முதல் அத்தியாயத்திலேயே வருகிறது. பயிற்சி விமானி ஒருவன் வழி தவறி ஊருக்கு மேலே பறந்துவிடுகிறான். அவன் விடுவிக்கப்படுவான் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வருகிறது. பிறகு முதியோர் இல்லத்தில் ஒரு கிழவருக்கு விடுவிப்பு விழா. அவருடைய வாழ்க்கையைச் சொல்லிப் பாராட்டுகிறார்கள், அவரும் எல்லோரையும் பார்த்துத் தலை வணங்கி ஒரு கதவு வழியாக மகிழ்ச்சியாகப் போகிறார். அவர் எங்கே போனார் என்று ஜோனாஸ் தீவிரமாக யோசிப்பதில்லை, வாசகரும் யோசிப்பதில்லை. ஊரின் ஒழுங்கு நமக்கும் பிடித்துப்போகிறது. ஒன்பது வயதானால் எல்லோருக்கும் சைக்கிள். நாலு முதல் ஆறு வயதுவரை உள்ளவர்களின் சட்டைக்குப் பொத்தான் முதுகுப் பக்கம், ஒருவருக்கொருவர் போட்டுவிட்டுத்தான் ஆக வேண்டும், அப்போதுதான் பரஸ்பரம் சார்ந்திருக்கக் கற்றுக்கொள்வார்களாம். அட, நல்ல யோசனையாக இருக்கிறதே என்றுதான் தோன்றும். 19-ஆம் அத்தியாயம் வரை வாசகரும் அந்த ஊர்க்காரராகவே வாழ்ந்திருக்கிறார். முன்கூட்டி எச்சரித்தால் அவர் வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவராகிவிடுகிறார். உள்ளே இருந்தபடி கண்டுபிடிக்கும்போதுதான் 'இத்தனை நேரம் இது எனக்கு ஏன் தெரியவில்லை?' என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியைப் பிள்ளைகள் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நேர்கோடு

நாவல் எனக்கும் பிடிக்கும். ஆனால் அப்பாவைப் பயங்கரமானவர் என்று சொல்வதை ஏற்க மாட்டேன். அந்த ஊரில் மரணம் என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது. முந்தைய தலைமுறைகளின் நினைவுகள் எல்லாம் ஒரே ஒரு மனிதரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன. இழப்பை அனுபவித்தே இராதவர் செய்கிற காரியத்தை நாம் நம் அளவுகோலை வைத்து எப்படி அளக்க முடியும்? கொடுப்பவர் என்று அழைக்கப்படும் அந்தப் பெரியவர்தான் 12 வயதில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜோனாஸுக்கு அவற்றைக் கைமாற்றுகிறார். அவரே ஜோனாஸிடம் சொல்கிறார், உன் அப்பாவுக்கு வேறு எதுவும் தெரியாது, சொன்னதைச் செய்கிறார் என்று. குற்றம் அமைப்பின் மீது. ஒரு தனி மனிதரைப் பிடித்துக் கூண்டில் நிறுத்தினால் நாவலின் கேள்வி சுருங்கிப்போகிறது.

மழைக்காகம்

நீங்கள் சொல்வதுதான் பலரும் படிக்கும் விதம். ஆனால் அதற்கு முந்தைய நாள் இரவுக் காட்சியை ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள். இரட்டையரில் ஒன்றை மறுநாள் விடுவிக்க வேண்டும் என்று அப்பா வீட்டில் பேசுகிறார். எடை போட்டுப் பார்த்து, பெரியதை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, சின்னதைச் சுத்தம் செய்து, டாட்டா சொல்வேன் என்கிறார். ஜோனாஸ் கேட்கிறான், பிறகு வேறிடத்திலிருந்து யாராவது வந்து அதைக் கூட்டிக்கொண்டு போவார்களா என்று. ஆமாம் என்கிறார் அப்பா.

யாரும் வருவதில்லை என்பது அவருக்குத் தெரியும். குழாய்க்குள் தள்ளுவதே அவர் கைதான். மரணத்தின் பொருள் தெரியாதவர் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஊசி போடுவேன், அசைவு நிற்கும், பெட்டியில் வைப்பேன் என்று ஜோனாஸிடம் இயல்பாகச் சொல்லியிருக்கலாமே? குழந்தையிடம் சொல்லக் கூடாத ஒன்று இது என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நினைவுகளைப் பெறும் பயிற்சிக்காக ஜோனாஸ் கையில் கொடுக்கப்படும் விதிமுறைத் தாளும் நினைவுக்கு வருகிறது. அதில் எட்டு விதிகள். கடைசி விதி, நீ பொய் சொல்லலாம் என்பது. அதைப் படித்த உடனே அவனுக்கு ஒரு சந்தேகம் வருகிறது. மற்ற பெரியவர்களுக்கும் 12 வயதில் இதே வரி கொடுக்கப்பட்டிருந்தால்? இனி யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. பதில் வந்தாலும் அது உண்மைதானா என்று எப்படித் தெரியும்? ஜோனாஸுக்கு அப்பா சொன்ன 'ஆமாம்'தான் அந்தச் சந்தேகத்துக்கு நாவல் தரும் விடை என்று நினைக்கிறேன். ஊசிக் காட்சியைவிட அந்த ஒற்றைச் சொல் எனக்குக் கனமாக இருக்கிறது.

நேர்கோடு

அந்த இடத்தை இப்போது எடுத்துப் படித்தேன். வலுவான சான்றுதான். ஆனாலும் பொய் என்று தெரிந்து சொல்வதும், குழந்தைக்குச் சொல்ல வேண்டிய வழக்கமான பதில் என்று பழகிப்போய்ச் சொல்வதும் ஒன்றில்லை. மன்னிப்புக் கேட்பதையே மனப்பாட வாக்கியமாகச் சொல்கிற ஊர் அது. அவர் தாத்தா தலைமுறையும் அதே 'ஆமாம்'தான் சொல்லியிருக்கும். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே எழாத அளவுக்கு வாயில் தேய்ந்துபோன பதில்.

சாம்பல்_ஆப்பிள்

எனக்கு 15 வயது. இந்த நாவலைப் போன வருஷம் படித்தேன். அக்கா, அண்ணன்மார்களுக்கு நடுவில் பேசலாமா என்று தெரியவில்லை, ஆனால் சொல்ல ஒன்று இருக்கிறது.

ஊசிக் காட்சியில் நான் அழவில்லை. அதிர்ச்சி என்றுகூடச் சொல்ல முடியாது, கொஞ்சம் முன்னாடியே ஊகித்துவிட்டேன். என்னால் தாங்க முடியாத இடம் வேறு. 12 வயதுப் பிள்ளைகளுக்கு வேலை ஒதுக்கும் விழாவில் தலைமை மூப்பர் ஜோனாஸின் நண்பன் ஆஷரைப் பற்றி ஒரு பழைய கதை சொல்வார். மூன்று வயதில் சிற்றுண்டி கேட்கும்போது ஆஷர் வார்த்தையை மாற்றிச் சொல்லிவிடுவான். அவன் சொன்ன வார்த்தைக்கு ஆங்கிலத்தில் அடி என்று பொருள். அதனால் ஒவ்வொரு முறையும் பிரம்பால் அடி கிடைக்கும். கடைசியில் கொஞ்ச காலம் அவன் பேசுவதையே நிறுத்திவிட்டான். இதை அவர் வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார், அரங்கமே சிரிக்கிறது. ஆஷரும் சிரிக்கிறான். ஜோனாஸும் சிரிக்கிறான்.

படிக்கும்போது நானும் சிரித்தேன். அடுத்த பக்கத்துக்குப் போன பிறகுதான் மூன்று வயதுக் குழந்தை பயத்தில் பேச்சை நிறுத்தியிருக்கிறதே என்று உறைத்தது. மழைக்காகம் அக்கா சொல்கிற 'உள்ளே இருப்பது' எனக்கு அங்கேயே நடந்துவிட்டது. அதனால் எச்சரிக்கை வேண்டாம் என்பதுதான் என் ஓட்டும். எங்களுக்குப் புரியும்.

மழைக்காகம்

தயங்காமல் பேசுங்கள் சாம்பல்_ஆப்பிள், இந்த நாவல் உங்கள் வயதுக்காரர்களுக்காக எழுதப்பட்டது. அந்த விழாவை நான் எப்போதும் ஜோனாஸின் பதற்றத்தோடு வேகமாகப் படித்துத் தாண்டிவிடுவேன். பிள்ளைகளை எண் வரிசைப்படி அழைக்கும்போது 18-ஆம் எண்ணுக்கு அடுத்து அவனுடைய 19-ஐ விட்டுவிட்டு 20-ஐ அழைக்கிறார்களே, கவனம் முழுக்க அங்கேதான் இருக்கும். ஆஷரின் கதையை வைத்துத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

செல்சுவர்

உயிரியல் படித்தவன் என்ற முறையில் வேறு ஒரு பக்கம் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் யாருக்கும் நிறம் தெரியாது. ஆசிரியர் இதை நேரடியாகச் சொல்லாமல் பாதிக் கதை வரை மறைத்து வைத்திருப்பது அருமையான உத்தி. ஜோனாஸ் எறிந்து பிடிக்கும் ஆப்பிள் ஒரு கணம் 'மாறுகிறது', தோழி ஃபியோனாவின் முடி 'மாறுகிறது'. அவன் பார்ப்பது சிவப்பு என்று பிறகுதான் தெரிகிறது. ஆனால் இது எப்படிச் சாத்தியம்? நம் விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு செல்கள் இருக்கின்றன. மரபணு மாற்றத்தால் அவை செயலிழந்தால் நிறம் போகும். அப்படிப் போனவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். மைக்ரோனேசியாவில் பிங்கெலாப் என்ற பவளத்தீவு இருக்கிறது. 1775 வாக்கில் வீசிய புயலில் அங்கே சுமார் 20 பேர் மட்டும் பிழைத்தார்கள். அவர்களில் ஒருவரிடம் இருந்த மரபணு மாற்றம் சந்ததியில் பரவி, இன்று அந்தத் தீவு மக்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு முழு நிறக்குருடு. உலகின் மற்ற இடங்களில் இது ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்குத்தான் வரும்.

ஆனால் இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பார்வைக் கூர்மை குறைவு. வெயிலில் கண்ணைத் திறக்கவே சிரமப்படுவார்கள். நாவலில் எல்லோரும் சாதாரணமாகச் சைக்கிள் ஓட்டுகிறார்கள், பந்து விளையாடுகிறார்கள். அப்புறம், செயலிழந்த கூம்பு செல் நினைவு கொடுத்தால் திரும்பி வராது. அறிபுனை என்று சொல்லும்போது இந்த இடம் எனக்கு உறுத்துகிறது.

நள்ளிரவு_வாசகி

செல்சுவர், பிங்கெலாப் தகவலுக்கு மிக்க நன்றி. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அந்த ஊரில் வெயிலும் கிடையாது! பனிச்சறுக்கு நினைவுக்கு அடுத்து கொடுப்பவர் ஜோனாஸுக்குத் தருவது வெயிலின் சுகத்தை. அதுவரை அவன் வெயிலை அறிந்ததே இல்லை. தட்பவெப்பம் முழுக்கக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பனி பெய்தால் விளைச்சல் பாதிக்கிறது என்று பனியை நிறுத்தினார்கள், வண்டிகளின் வேகம் குறைகிறது என்று குன்றுகளை மட்டமாக்கினார்கள். கூசும் கண்ணுக்கு ஏற்ற உலகம்தான் அது. ஆசிரியர் இதை யோசித்து எழுதினாரா என்பது வேறு விஷயம், எனக்கு இந்தப் பொருத்தம் பிடித்திருக்கிறது.

நிறம் நினைவோடு திரும்புவது அறிவியல் இல்லை, சரி. வெறும் முதுகில் கை வைத்து நினைவை மாற்றுவதும் அறிவியல் இல்லை. இதை நான் நீதிக்கதைக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கிறேன். மரபணு பற்றி நாவல் சொல்லும் ஒரு விஷயம் மட்டும் சரியாக இருக்கிறது. ஃபியோனாவின் சிவப்பு முடி அந்த ஊர் விஞ்ஞானிகளைப் பாடாய்ப் படுத்தும் என்று கொடுப்பவர் சொல்கிறார். ஒடுங்கு பண்புகள் எவ்வளவு அழுத்தினாலும் தலைமுறை தாண்டி எட்டிப் பார்க்கும். ஜோனாஸ், கேப்ரியல், கொடுப்பவர், மூவருக்கும் வெளிர் கண்கள் என்பதும் அதே கதைதான்.

செல்சுவர்

வெயில் இல்லை என்பது என் கண்ணில் படவே இல்லை! நல்ல வாசிப்பு. நிறம் பற்றிய என் புகார் பாதியாகக் குறைந்துவிட்டது.

நேர்கோடு

அறிவியலை விடுங்கள், எனக்கு நெறி சார்ந்த பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் கேட்க வேண்டும். ஜோனாஸ் ஊரை விட்டுப் போனால் அவனிடம் இருக்கும் நினைவுகள் எல்லாம் ஊர்மக்களிடம் திரும்பிவிடும். போர், பசி, யானையைக் கொன்று தந்தத்தை வெட்டும் காட்சி, தண்ணீர் கேட்டுச் சாகும் சிறுவன், எல்லாம். ஜோனாஸுக்கு முன் நினைவுகளைப் பெறத் தேர்ந்தெடுக்கப்பட்டவள் ரோஸ்மேரி. பத்து ஆண்டுகளுக்கு முன் அவள் விடுவிக்கப்பட்டபோது, அவளிடம் இருந்த ஐந்து வார நினைவுகளையே ஊரால் தாங்க முடியவில்லை. ஜோனாஸிடம் இருப்பது கிட்டத்தட்ட ஓராண்டு. அந்த மக்களிடம் யாராவது கேட்டார்களா? ஒரு சிறுவனும் ஒரு கிழவரும் மூடிய அறைக்குள் உட்கார்ந்து ஊர் முழுக்க வலியைத் திறந்துவிட முடிவெடுக்கிறார்கள். அந்த ஊரின் மூப்பர் குழுவும் அப்படித்தானே முடிவெடுக்கிறது? இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

நள்ளிரவு_வாசகி

வித்தியாசம் இருக்கிறது. அந்த ஊர்மக்களிடம் கேட்கவே முடியாது. எதைத் தேர்ந்தெடுப்பது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமானால் முதலில் நினைவு வேண்டும். நினைவே அவர்களிடம் இல்லை. ஒரேமாதிரி வாழ்வைத் தேர்ந்தெடுத்தவர்கள் பல தலைமுறைக்கு முன் வாழ்ந்தவர்கள். இப்போது இருப்பவர்கள் யாரும் அதற்குச் சம்மதம் சொன்னதில்லை. நினைவு திரும்பி வந்த பிறகு, வேண்டாம் என்று அவர்கள் முடிவெடுத்தாலும் அது அவர்களுடைய முடிவாக இருக்கும். கூடவே, கொடுப்பவர் ஓடிப்போவதில்லை. ஜோனாஸ் கூப்பிட்டும் மறுத்துவிடுகிறார். வலி வந்து விழும்போது கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்று ஊரிலேயே தங்கிவிடுகிறார்.

நேர்கோடு

அது திட்டம் போட்டபோது இருந்த நிலைமை. நடந்தது வேறு. கேப்ரியலை மறுநாள் காலை விடுவிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஜோனாஸ் அன்றிரவே கிளம்பிவிடுகிறான். கொடுப்பவர் தரவேண்டிய துணிவையும் வலிமையையும் பற்றிய நினைவுகள் அவனுக்குக் கிடைக்கவில்லை. ஊரும் தயாராகவில்லை. ஒரு குழந்தைக்காக ஊர் முழுவதையும் பணயம் வைக்கிறான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அது சரி என்று நாவல் சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மழைக்காகம்

அந்த இரவில் அப்பா சொல்லும் வார்த்தைகளையும் சேர்த்துப் பாருங்கள். கேப்ரியலை விடுவிக்க வேண்டும் என்று நானே வாக்களித்தேன் என்கிறார். ஓராண்டு தூக்கி வளர்த்தவர். ஒரு இரவு காப்பகத்தில் அழுது ஆர்ப்பாட்டம் செய்தான் என்பது போதுமான காரணமாகிவிட்டது. நேர்கோடு, உங்களோடு பாதி உடன்படுகிறேன். அமைப்புதான் குற்றவாளி. ஆனால் அமைப்புக்கு என்று தனியாகக் கை கிடையாது. ஊசி பிடிக்க யாராவது ஒரு நல்லவரின் கை வேண்டும்.

நள்ளிரவு_வாசகி

முடிவைப் பற்றி யாரும் பேசவில்லையே. குளிரில், பசியில், குன்றின் உச்சியில் ஜோனாஸ் ஒரு பனிச்சறுக்கு வண்டியைக் கண்டு கேப்ரியலோடு ஏறுகிறான். கீழே விளக்குகள், இசை. பிழைத்தார்களா, சாகும் நேரத்துக் கனவா? அந்த வண்டி அவனுக்குக் கிடைத்த முதல் நினைவில் வந்த அதே வண்டி என்பதால் சந்தேகம் வலுக்கிறது. ஆசிரியர் பல ஆண்டுகள் பிடிகொடுக்காமலே இருந்தார். இதற்குப் பின் மூன்று நாவல்கள் வந்தன: 2000-இல் 'கேதரிங் புளூ', 2004-இல் 'மெசெஞ்சர்', 2012-இல் 'சன்'. அவற்றைப் படித்தால் விடை தெரிந்துவிடும்.

பிள்ளைகளுக்கு அவற்றை உடனே கொடுக்காதீர்கள் என்பது என் வேண்டுகோள். முதல் நாவலை முடித்துவிட்டுச் சில நாட்களாவது அந்தக் குன்றிலேயே இருக்கட்டும். ஆனால் 'சன்' மட்டும் பிறகு கட்டாயம் படிக்க வேண்டும். கேப்ரியலைப் பெற்ற கிளேர் என்ற பெண்ணின் கதை அது. முதல் நாவலில் பிள்ளை பெறுவது ஒதுக்கப்பட்ட ஒரு வேலை. மூன்று பிரசவம், அதன் பிறகு முதுமை வரை உடலுழைப்பு. அந்த வேலைக்கு மதிப்புக் குறைவு என்று ஜோனாஸின் அம்மா சொல்லிவிட்டுப் போய்விடுவார். எல்லாக் கேள்வியும் கேட்கும் ஜோனாஸ் என்னைப் பெற்றவள் யார் என்று ஒருமுறைகூடக் கேட்பதில்லை. அந்த வெற்றிடத்தை ஆசிரியர் 19 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து நிரப்பினார்.

திரைப்படம் 2014-இல் வந்தது. கறுப்பு வெள்ளையில் தொடங்கி மெல்ல நிறம் ஏறுவது அழகு. ஜோனாஸை வளர்ந்த இளைஞனாக்கிவிட்டார்கள், அதோடு கதையின் உயிர் போய்விட்டது. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டு_பிள்ளைகளின்_அம்மா

இந்த நாவல் எங்கிருந்து முளைத்தது என்று யாருக்காவது தெரியுமா? மகளுக்குக் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள ஆசை.

மழைக்காகம்

நியூபெரி ஏற்புரையில் லௌரியே சொல்லியிருக்கிறார். பல ஊற்றுகள், அவற்றில் ஒன்று அவருடைய வயதான பெற்றோர். அம்மாவுக்குக் கண்பார்வை போய்விட்டது, ஆனால் நினைவு முழுதாக இருந்தது. அப்பாவுக்கு உடல் நன்றாக இருந்தது, நினைவு நழுவிக்கொண்டிருந்தது. லௌரியின் அக்கா ஹெலன் இளம் வயதிலேயே இறந்துவிட்டவர். அப்பா அக்காவின் படத்தைப் பார்த்து, இவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறார். மறந்துவிட்டதால் அவருக்கு அந்த வலி இல்லை. வலியான நினைவுகளை மட்டும் எடுத்துவிட முடிந்தால் என்ன ஆகும் என்ற யோசனை அப்படித்தான் வந்ததாம்.

இதைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்த ஊரின் மீது கொஞ்சம் இரக்கமும் வரும். அதை உருவாக்கியவர்கள் வலியைத் தாங்க முடியாதவர்கள்.

இரண்டு_பிள்ளைகளின்_அம்மா

சில வாரங்கள் கழித்து வருகிறேன். நானும் மகளும் சேர்ந்து படித்தோம், எச்சரிக்கை எதுவும் சொல்லவில்லை. 19-ஆம் அத்தியாயம் அன்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முடித்துவிட்டு அவள் பேசாமல் இருந்தாள். அடுத்த அத்தியாயத்தையும் முடித்த பிறகு கோபமாக ஒன்று கேட்டாள். அப்பாவைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று நான் தயாராக இருந்தேன். அவள் கோபம் முழுக்கக் கொடுப்பவர் மீது!

"அவருக்கு எல்லாம் தெரியும்தானே? அப்பாவுக்காவது ஒன்றும் தெரியாது. ரோஸ்மேரி எப்படிச் செத்தாள் என்பதே இவருக்குத் தெரியும், அது அவர் மகள். பிறகு பத்து வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தாரா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

சாம்பல்_ஆப்பிள்

உங்கள் மகள் சொல்வது சரி, அக்கா. அவர் அறையில் மட்டும்தான் ஒலிபெருக்கியை அணைக்க முடியும். அறை முழுக்கப் புத்தகம். அவ்வளவு வசதி இருந்தும் ஜோனாஸ் வரும்வரை எதுவும் செய்யவில்லை.

நேர்கோடு

அவர் சார்பாக ஒன்று சொல்கிறேன். ஊருக்கு மேலே பறந்த அந்த விமானத்தைச் சுட்டு வீழ்த்த மூப்பர்கள் நினைத்தபோது, பொறுங்கள் என்று தடுத்தவர் அவர்தான். போர் நினைவு இருந்ததால் தடுத்தார். பிள்ளைப்பேற்றின் எண்ணிக்கையைக் கூட்டலாமா என்று கேட்டபோது, பசி நினைவு இருந்ததால் வேண்டாம் என்றார். கேட்டபோதெல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

மழைக்காகம்

சுடாமல் தடுத்தார், உண்மை. ஆனால் அந்தப் பயிற்சி விமானியை அதன் பிறகு விடுவித்துவிட்டார்களே. விடுவிப்பு என்பதன் பொருளை முழுதாக உணர்ந்த மனிதர் ஊரில் அவர் ஒருவர்தான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, கேட்காததை அவர் சொல்லாமல் இருந்துவிட்டார். ரோஸ்மேரிக்குப் பின் ஊர் கலங்கிய விதத்தைப் பார்த்தவர், நினைவுகள் மக்களுக்குத் திரும்ப முடியும் என்பதையும் அன்றைக்கே அறிந்தவர். மகளை இழந்த துக்கம் அவரை உறைய வைத்திருக்கலாம். இரண்டாவது முறையும் ஒரு பிள்ளையைப் பலி கொடுக்கத் துணிவு இல்லாமல் போயிருக்கலாம். இதெல்லாம் காரணங்கள்தான், ஆனால் உங்கள் மகளின் கேள்விக்கு இவை போதாது என்றே நினைக்கிறேன்.

அவளிடம் 20-ஆம் அத்தியாயத்தை இன்னொரு முறை மெதுவாகப் படிக்கச் சொல்லுங்கள். நீங்களும் என்னிடம் பொய் சொல்கிறீர்களா என்று ஜோனாஸ் அவரைக் கேட்கிறான். பொய் சொல்ல எனக்கு அனுமதி உண்டு, ஆனால் உன்னிடம் சொன்னதில்லை என்கிறார் அவர். அதை அவள் நம்புகிறாளா என்று கேட்டு இங்கே எழுதுங்கள். நாங்கள் அடுத்த வாரம் பிள்ளைகளோடு முதல் எட்டு அத்தியாயங்களைத் தொடங்குகிறோம், ஆஷரின் கதை வரும் விழா வரைக்கும். அவள் கேட்ட இந்தக் கேள்வியைக் கடைசி நாள் பேச்சுக்கு எடுத்து வைத்திருக்கிறேன், அவள் சம்மதித்தால்.